தோசைக்கல் சூட்டில் வளையும் மரம்... வயலினைக் காப்பாற்றும் மின்சாரக் குழாய்!

பண்ருட்டி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பலாச்சுளை. தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்களுக்கு நினைவுக்கு வருவது பலாமரம். கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து முற்றிய பலாக் கட்டைகள் தஞ்சைக்குப் போய் வீணைக் குடமாகின்றன. மிருதங்கம், தவில், கஞ்சிரா என எல்லாவற்றுக்கும் பலாதான் உடம்பு. 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, இந்தப் பகுதியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பழ வியாபாரிகளைப் போலவே வாத்தியம் செய்கிறவர்களுக்கும் அது பெரிய அடி. இன்று நட்ட பலா வீணைக்கு ஆகும்போது, நட்டவர் தாத்தாவாகியிருப்பார்.

இந்த வாத்தியங்களைச் செய்யும் முறையைக் கொஞ்சம் கவனித்தால் ஒன்று புலப்படும். வீணையைக் குடைகிறார்கள். மிருதங்கத்தையும் தவிலையும் கடைந்து உள்ளே குடைகிறார்கள். நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரத்தைக் கடைந்து துளை போடுகிறார்கள். கட்டையில் வேண்டாததை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வாத்தியம். பலகையை வளைத்துக் கட்டுகிற வேலை இதில் எங்குமே இல்லை. அதனால் அதற்கான கருவியும் நம் வாத்தியப் பட்டறைகளில் இல்லாமல் போயிற்று.

ஆனால் பாட்டுக் கச்சேரி மேடையில், பாடகருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் வாத்தியம் ஒன்று வளைத்த மரத்தால் ஆனது. வயலின்!

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார் என்பது இசை வரலாறு. அதற்குப் பிறகு 200 ஆண்டுகளில் அது முழுக்க நம் வாத்தியமாகிவிட்டது. நின்று வாசித்ததைச் சம்மணமிட்டு வாசித்தோம். தந்திகளின் சுருதியை நமக்கு ஏற்ற மாதிரி மாற்றினோம். கமகம் பேச வைத்தோம். வாசிப்பை நம்முடையதாக்கிக்கொண்ட நாம், அதைச் செய்யும் வித்தையை மட்டும் பெரும்பாலும் வெளியிலேயே விட்டுவிட்டோம்.

இதன் விளைவு தெரிவது வாத்தியம் உடையும்போதுதான்.

சிதம்பரத்தில் வயலின் உடைந்தால்...

சிதம்பரத்துக்கும் வயலினுக்கும் நெருக்கமான உறவு உண்டு. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில் வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம், நாகஸ்வரம், தவிலோடு வயலினும் பாடம். கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கும் வயலின் வகுப்பு உண்டு. மகா சிவராத்திரியை ஒட்டி சிதம்பரத்தில் நடக்கும் நாட்டியாஞ்சலியில் ஆடுகிறவர்களுக்குப் பக்க வாத்தியமாக எத்தனையோ வயலின்கள் ஊருக்குள் வந்து போகின்றன.

இரண்டு ஊருமே கடற்காற்று படுகிற ஊர்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரத் துணி மாதிரி இருக்கும். மரம் அந்த ஈரத்தைக் குடித்துக் குறுக்குவாட்டில் உப்பும். சித்திரை வெயிலில் அதே மரம் வற்றிச் சுருங்கும். வயலினின் மேற்பலகையும் அடிப்பலகையும் இப்படி உப்பிச் சுருங்கும்போது, அவற்றைத் தாங்கி நிற்கும் பக்கப் பட்டைகளில் ஒட்டு விடும். ஒட்டு விட்டால் பரவாயில்லை, திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். வயலின் பெட்டி பஸ்ஸில் கீழே விழுந்து பக்கப் பட்டையே நொறுங்கினால்? வேர்வை பட்டுப் பட்டு ஓர் இடம் அரித்துப் போயிருந்தால்? அந்தத் துண்டையே புதிதாகச் செய்து வைக்க வேண்டும். அதற்கு மரத்தை வளைக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். கதவு, கட்டில், தேர் வரை செய்யக்கூடிய அருமையான தச்சர்கள் இந்தப் பக்கம் உண்டு. ஆனால் 1 மில்லிமீட்டர் பட்டையை வயலின் இடுப்பின் நெளிவுக்கு வளைக்க அவர்களிடம் கருவி இல்லை. ஆகவே வாத்தியம் சென்னைக்குப் போகும். அல்லது எபாக்சி பசையைக் குழைத்து அப்பி, 'இப்போதைக்கு ஓடட்டும்' என்று வைத்துக்கொள்வார்கள். இரண்டாவதுதான் மோசமானது. வயலின் என்பது திறந்து மூடக்கூடிய வாத்தியம். தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் பிராணிப் பசையால் அதை ஒட்டுவதே, பின்னால் ஈரமும் சூடும் காட்டிப் பிரித்துப் பழுது பார்க்கலாம் என்பதற்காகத்தான். எபாக்சி போட்ட இடத்தை அடுத்து வருகிறவர் பிரிக்கப் பார்த்தால் மரம்தான் பிய்ந்து வரும்.

தேவைப்படுவது ஒரு சூடான குழாய். உண்மையிலேயே அவ்வளவுதான்! வயலின் செய்கிறவர்களின் மேசையில் இருக்கும் வளைப்புக் குழாய் என்பது, உள்ளே சூடேறி வெளியே வழவழப்பாக இருக்கும் ஓர் உலோக உருளை. அந்தக் காலத்து ஐரோப்பியப் பட்டறைகளில் இரும்பைக் கரி நெருப்பில் காய்ச்சி இதைச் செய்தார்கள். இன்று மின்சாரம். வெளிநாட்டிலிருந்து தயாராக வாங்கினால் விலை எகிறும். உள்ளூர் லேத் பட்டறையில் கடையச் சொல்லி, மின் சாமான் கடையில் மீதியை வாங்கினால் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும்.

குடையாமல் ஏன் வளைக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. வீணையைக் குடைகிற நாம் வயலின் பக்கத்தையும் கட்டையிலிருந்து அறுத்தே எடுத்துவிடலாமே?

மரத்தின் பலம் அதன் நாரோட்டத்தில் இருக்கிறது. விறகு பிளக்கிறவர்களுக்கு இது தெரியும்: நாரோடு போனால் ஒரே அடியில் பிளக்கும், நாருக்குக் குறுக்கே வெட்டினால் கோடாலி திணறும். வயலினின் பக்கம் 'S' மாதிரி நெளிந்து போகிறது. நேரான கட்டையிலிருந்து அந்த நெளிவை அறுத்தெடுத்தால், சில இடங்களில் நார் பட்டையின் நீளவாக்கில் ஓடும். சில இடங்களில் குறுக்கே ஓடும். குறுக்கே ஓடும் இடத்தில் அந்தப் பட்டை பிஸ்கட் மாதிரி முறியும். வீணைக் குடத்துக்குக் கனம் இருக்கிறது, தாங்கும். வயலின் பக்கப் பட்டையின் கனம் ஏறக்குறைய 1 மி.மீ., ஒரு ரூபாய் நாணயத்தைவிட மெல்லிசு. அதன் உயரம் 30 முதல் 32 மி.மீ. இவ்வளவு மெல்லிய மரம் நிற்க வேண்டுமென்றால், வளைவின் ஒவ்வோர் அங்குலத்திலும் நார் வளைவோடு கூடவே ஓட வேண்டும். அது வளைத்தால்தான் நடக்கும். கிடாரின் பக்கமும் இப்படித்தான். அங்கே கனம் சுமார் 2 மி.மீ., அகலம் அதிகம்.

ஒரு வயலினுக்கு இப்படிப் பொதுவாக ஆறு பட்டைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு, இடுப்பில் இரண்டு. இடுப்புப் பட்டை சிறியதுதான். ஆனால் ஆளைப் படுத்துவது அதுதான். இரண்டு முனைகளிலும் சட்டென்று வெளியே திரும்பும் இறுக்கமான வளைவு அதில் இருக்கிறது.

சரி, சுட்டால் மரம் ஏன் வளைகிறது? மரம் என்பது செல்லுலோஸ் நார்களின் கட்டு. அந்த நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை மாதிரியான பொருள் லிக்னின். ஈரமும் சூடும் சேர்ந்தால், ஏறக்குறைய தண்ணீர் கொதிக்கும் சூட்டை ஒட்டி, லிக்னின் இளகிவிடும். அப்போது நார்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். ஆறியதும் லிக்னின் மறுபடி இறுகி, நார்களைப் புதிய இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். வஜ்ஜிரம் சூட்டில் இளகி ஆறியதும் பிடிப்பதை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இது நம் ஊருக்குப் புதிய அறிவு ஒன்றுமில்லை. சிலம்பக் கம்பின் கோணலை நெருப்பில் வாட்டித்தானே நிமிர்த்துகிறார்கள்? சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் ஆற்றைத் தாண்டிச் சீர்காழி சாலையில் போனால் தைக்கால் வரும். சாலையோரம் பிரம்பு நாற்காலிகளும் ஊஞ்சல்களும் அடுக்கி வைத்திருக்கும் ஊர். பிரம்பை வளைப்பதும் சூட்டால்தான். தீ நாக்கைக் காட்டிக் கருகாமல் வளைக்கிற கைப்பழக்கம் அந்தத் தொழிலின் உயிர். மேற்கே மைக்கேல் தோனே என்பவர் பீச் மரக் கம்புகளை நீராவியில் வேகவைத்து வளைத்து நாற்காலி செய்தார். 1859-ல் வந்த அவருடைய 14-ம் எண் நாற்காலி உலகமெங்கும் காபி கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரம்புக்கு நெருப்பு, நாற்காலிக்கு நீராவி என்றால், காகிதம்போல மெலிந்த வாத்தியப் பட்டைக்கு அடக்கமான, ஒரே சீரான சூடு வேண்டும். அந்தச் சூட்டைத் தருவதுதான் மின்சாரக் குழாய்.

அலுமினியமா, இரும்பா?

குழாயின் உலோகத்தில் அலுமினியத்துக்கே முதல் ஓட்டு. சாதாரண இரும்பைவிடப் பல மடங்கு நன்றாக அது சூட்டைக் கடத்தும். உள்ளே ஓர் இடத்தில் சூடு பிறந்தாலும் மேலெல்லாம் பரவிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பார்க்க அழகு. ஆனால் சூட்டைக் கடத்துவதில் படு சோம்பேறி. ஓர் இடம் கொதிக்கும், அடுத்த அங்குலம் வெதுவெதுப்பாக நிற்கும். இரும்பில் இன்னொரு தொல்லை கறை. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகும் என்பது பழைய வீட்டுப் பாடம். துவர்ப்புச் சத்து உள்ள மரம் ஈரத்தோடு சூடான இரும்பில் பட்டால் அதே கறுப்புதான் விழும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைக் கேஸ் பர்னரில் காய்ச்சி வளைக்கலாம் என்று சிலர் கிளம்புவார்கள், வேண்டாம். சூடு கட்டுமீறினால் துத்தநாகப் புகை வரும். அதைச் சுவாசித்தால் காய்ச்சலே வந்துவிடும்.

வெற்றுக் குழாயைவிட, கெட்டியான அலுமினிய உருளையே நல்ல யோசனை. 50 மி.மீ. விட்டம், 20 செ.மீ. நீளம் உள்ள உருளையை லேத்தில் கொடுத்து, பாதி நீளத்தை அப்படியே விட்டு, மறுபாதியை 30 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்து வாங்கலாம். மேல், கீழ் பட்டைகளின் பெரிய வளைவுக்குப் பருத்த பகுதி; இடுப்பின் முனைகளுக்கு மெலிந்த பகுதி. இரண்டும் சேரும் இடத்தில் கூரான விளிம்பு இல்லாமல் உருட்டிவிடச் சொல்ல வேண்டும். மேல்பரப்பை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவது முக்கியம். அதில் ஒரு கீறல் இருந்தால் இளகிய மரத்தில் அப்படியே பதியும்.

சூட்டுக்கு கார்ட்ரிட்ஜ் ஹீட்டர். பென்சில் மாதிரி இருக்கும் இது, பேக்கிங் இயந்திரங்களிலும் பிளாஸ்டிக் அச்சுகளிலும் பயன்படுவது. தொழிற்சாலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 12 மி.மீ. விட்டத்தில் 300 வாட் போதும். பருத்த முனையின் நடுவில் ஹீட்டர் இறுக்கமாக நுழையும்படி துளை போட வேண்டும். துளை தளர்வாக இருந்தால் சூடு உருளைக்குப் போகாமல் ஹீட்டரிலேயே தேங்கி, அது சீக்கிரம் எரிந்துபோகும். 300 வாட் என்றால் 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர்தான் இழுக்கும். கடைந்த பிறகு சுமார் 700 கிராம் எடையுள்ள உருளை வேலைக்கு ஆகும் சூட்டுக்கு வர பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்... என்று எழுத ஆசைதான். ஆனால் சூடேறும் குழாயைத் தனியே விட்டுவிட்டு எங்கேயும் போகக் கூடாது.

வீட்டில் கிடப்பதை வைத்தே செய்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பக்கெட்டில் தண்ணீர் காய வைக்கும் ஹீட்டர் ராடைக் குழாய்க்குள் நுழைக்காதீர்கள். அது தண்ணீருக்குள் இருந்தால் மட்டுமே தாங்கும். காற்றில் போட்டால் சில நிமிடங்களில் எரியும், வெடிக்கவும் கூடும். பழைய அடுப்பில் இருக்கும் திறந்த சுருள் காயிலும் கூடாது. அந்தக் கம்பியிலேயே மின்சாரம் ஓடுகிறது. சுருள் தொய்ந்து குழாயைத் தொட்டால், ஈர மரத்தோடு அந்தக் குழாயைப் பிடித்திருக்கும் கை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஈரக் கையும் மின்சாரமும்

இந்தக் கருவியில் உண்மையான ஆபத்து சூடு அல்ல. சூடு பட்டால் கையை இழுத்துக்கொள்வோம். நனைந்த மரம், நனைந்த கை, உலோகக் குழாய், 230 வோல்ட் நான்கும் ஒரே மேசையில் கூடுவதுதான் ஆபத்து. எனவே எர்த் இல்லாமல் இந்தக் குழாயை ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

எர்த் வயரை உருளையிலேயே துளை போட்டு, மறை ஆணியால் முடுக்க வேண்டும். சுற்றிக் கட்டிவிட்டால் போதாது. சூட்டில் உலோகம் விரிந்து சுருங்கும்போது கட்டு தளரும். மூன்று பின் பிளக், அதுவும் எர்த் உண்மையிலேயே இணைக்கப்பட்ட சாக்கெட். பழைய வீடுகளில் மூன்றாவது துளை பேருக்கு மட்டும் இருப்பது ரொம்ப சகஜம். எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். அதற்கு மேலே 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். மின்சாரம் உடம்பு வழியாகக் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிப்பது இதுதான். எம்.சி.பி. இருக்கிறதே என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள். அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

உருளைக்குப் பக்கத்தில் சாதாரண பி.வி.சி. வயர் ஆகாது. 70 டிகிரிக்கு மேல் அதன் உறை தாங்காது. இளகிச் செம்பு வெளியே தெரியும். சூடான பகுதியில் கண்ணாடி இழை உறை போட்ட வயர், அல்லது சிலிகான் வயர். உருளையை மேசையில் நேராகப் பொருத்தாமல், இரும்பு ஆங்கிளில் முடுக்கி, மேசைக்கும் அதற்கும் நடுவே காற்று புகும் இடைவெளி விட வேண்டும். இடையில் ஆஸ்பெஸ்டாஸ் துண்டு வைக்கும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் உண்டு. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத சிமென்ட் பலகை போதும்.

அடுத்து, சூட்டை ஓர் அளவில் நிறுத்தி வைக்கும் கட்டுப்பாடு. ஃபேன் ரெகுலேட்டரைப் போட்டுக் குறைக்கலாம் என்று தோன்றும். அது ஃபேனின் சிறு சுமைக்குச் செய்தது. ஹீட்டரைப் போட்டால் ரெகுலேட்டர்தான் சூடேறும். டிஜிட்டல் எண்ணெல்லாம் காட்டும் பி.ஐ.டி. கன்ட்ரோலர் வாங்கலாம், ஆனால் மரத்துக்கு அவ்வளவு துல்லியம் வேண்டாம். பேக்கரி ஓவன்களில் பொருத்தும் தெர்மோஸ்டாட், அதாவது மெல்லிய செம்புக் குழலின் நுனியில் ஒரு குமிழ் உள்ளது, 50 முதல் 300 டிகிரி வரை திருகி வைக்கக்கூடியது, இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். அந்தக் குமிழுக்கும் உருளையில் ஒரு துளை. பத்து டிகிரி முன்னே பின்னே போனால் மரம் கோபித்துக்கொள்ளாது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நிற்காமல் போனால்? அதற்காக ஹீட்டர் வழியில் 240 டிகிரி வெப்ப ஃப்யூஸ் ஒன்று. சில பத்து ரூபாய்ச் சமாசாரம். அதுதான் இரவில் தீப்பிடிக்காமல் காக்கும்.

அண்ணாமலை நகரில் ஒரே வளாகத்தில் பொறியியல் புலமும் இருக்கிறது, இசைத் துறையும் இருக்கிறது. ஒரு பக்கம் ஆண்டுதோறும் மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறார்கள். மறுபக்கம் பெட்டிக்குள் பக்கம் உடைந்த வயலின்கள் காத்திருக்கின்றன. எர்த்திங், வெப்பக் கட்டுப்பாடு, லேத் வேலை, மர இயல் எல்லாம் அடங்கிய இதைவிடப் பொருத்தமான சின்ன ப்ராஜெக்ட் கிடைப்பது கஷ்டம்.

மரம் இளகும் நொடி

குழாய் தயார். எவ்வளவு சூடு? பெரும்பாலான வேலைக்கு 150 முதல் 200 டிகிரி செல்சியஸ். கருவி இல்லாமலே தெரிந்துகொள்ள நம் அடுப்படியில் ஒரு வழி இருக்கிறது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே, அதேதான்! துளி சும்மா படர்ந்து மெதுவாகக் காய்ந்தால் சூடு போதாது. 'சுர்'ரென்று உடனே காய்ந்தால் ஆரம்பிக்கலாம். முத்து முத்தாக உருண்டு ஓடினால் 200-ஐ நெருங்கிவிட்டது, கொஞ்சம் குறைக்க வேண்டும். மாவு வார்க்கிற கைக்கு இது பாடமே தேவையில்லை.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. வயலின் பக்கத்துக்கு மேப்பிள் வெளியிலிருந்து வாங்க வேண்டியதுதான். கிடார் பக்கத்துக்குத் தென்னிந்திய ஈட்டி உலகம் தேடி வாங்கும் மரம். சூட்டுக்கு அழகாக வளையும். எந்த மரமானாலும் நார் பட்டையின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். நார் சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில் முறியும், எவ்வளவு பொறுமையாக வளைத்தாலும். சூளையில் போட்டு வேகமாக உலர்த்தியதைவிட, நிழலில் காற்றாட உலர்ந்த மரம் நன்றாக வளையும். மேப்பிளில் குறுக்கே ஓடும் அலைக்கோடுகள் அழகு. அந்த ஒவ்வோர் அலையும் முறியக் காத்திருக்கும் இடமும்கூட.

பட்டையை இழைத்து 1 மி.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே கனம். ஓர் இடம் மெலிந்திருந்தால் வளைவு முழுக்க அங்கேயே போய் மடிந்துகொள்ளும். பிறகு சில நிமிடம் நனைத்தால் போதும். ராத்திரி முழுக்க ஊறப் போட்டால் மெல்லிய பட்டை நெளிந்து சொதசொதவென்று ஆகிவிடும்.

இனி, கைவேலை. பட்டையின் வெளிப்பக்கத்தில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சூடான மரம் உள்பக்கம் நன்றாக அமுங்கிக் கொடுக்கும்; வெளிப்பக்கம் இழுபட மட்டும் சம்மதிக்காது, கொஞ்சம் இழுத்தாலே சிலும்பெடுக்கும். தகடு அந்த வெளிப்பக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். நாற்காலி செய்த தோனேயும் இதே உபாயத்தைத்தான் கையாண்டார். தகடு மரத்தின் நீராவியையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கும்.

பட்டையைக் குழாயில் சாய்த்து, அழுத்தாமல், முன்னும் பின்னும் மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நீராவி வரும். வேக வைத்த கடலைபோல ஒரு மணம் எழும். கையில் மரம் இன்னும் விறைப்பாகவே இருக்கும். அப்போது அவசரப்பட்டுத் தள்ளுகிறவர்களுக்கு 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கதை முடிந்தது. காத்திருந்தால், சில நொடிகளில் விறைப்பு திடீரென்று விட்டுப்போகும். கையில் பிடித்திருப்பது மரமா தோலா என்று சந்தேகம் வரும். அந்த நொடியில்தான் வளைக்க வேண்டும், அதுவும் கொஞ்சமாக. அட்டையில் வெட்டிய அச்சோடு ஒப்பிட்டுப் பார்த்து, மறுபடி சூடு, மறுபடி கொஞ்சம். மரம் ஆறும்போது சிறிது நிமிர்ந்துகொள்ளும் என்பதால், வேண்டியதைவிட ஒரு மயிரிழை கூடுதலாக வளைத்து வைப்பது வழக்கம். அதிகமாகிவிட்டாலும் பாதகமில்லை, திரும்பச் சூடு காட்டினால் நிமிரும்.

ஓரிடத்தில் நகர்த்தாமல் வைத்தால் கருகும். லேசான பழுப்பு என்றால் சுரண்டி எடுத்துவிடலாம். 1 மி.மீ. பட்டையில் சுரண்டுவதற்கும் ஓர் எல்லை இருக்கிறதே! சூடு போதாமல் வளைத்தால் வேறு மாதிரிக் கெடும். வளைவு வழுக்கிப் போகாமல் முழங்கால் மடிந்த மாதிரி கோணமாக நிற்கும். கருகலைவிட இதைச் சரிசெய்வது கடினம். வளைத்த பட்டையை உடனே மர அச்சில் வைத்துக் கிளாம்ப் போட்டு, முழுக்க ஆறி உலரும்வரை விட்டுவிட வேண்டும். மழைக்காலமானால் ஒரு நாள் கூடுதலாகவே.

எல்லா வயலினுக்கும் இந்த உழைப்பு தேவையா? இல்லை. தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து வரும் மலிவான கற்றல் வயலினுக்குப் பக்கம் உடைந்தால், பழுது பார்க்கும் செலவில் புதிதே வாங்கிவிடலாம். ஆனால் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வந்த வாத்தியம், ஐம்பது வருடம் வாசித்துக் குரல் கனிந்த வாத்தியம் என்று சில உண்டு. அவற்றுக்கு மாற்று கடையில் கிடையாது. அவற்றைத்தான் எபாக்சியிலிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

அதற்காக, குழாய் செய்து முடித்த கையோடு குருநாதரின் வயலினைத் திறந்துவிட வேண்டாம். முதலில் வெறும் மரச் சீவல்கள். பிறகு யாரும் வாசிக்காமல் பரண்மேல் கிடக்கும் உடைந்த வயலின் ஒன்று. அதன் மேற்பட்டையைச் செய்து பழகி, கீழ்ப்பட்டையைச் செய்து, கடைசியாக இடுப்புக்கு வாருங்கள். இடுப்புப் பட்டையில் பத்து முறிந்து பதினோராவது அச்சில் உட்கார்ந்தால், அதுவே நல்ல கணக்கு.